வெள்ளக்கரட்டுக் கல்

தமயந்தி டீச்சரின் கல் காட்சிக்கூடத்தில் மேசைகள் எல்லாம் கோணலாக நிற்கும்.

மூலக்காட்டுப்புதூரில் முன்பு பஞ்சு அரைத்துக்கொண்டிருந்த ஓர் ஓட்டுக் கொட்டகை அது. சுவர்கள் ஒரு திசையில் போகும், மேசைகள் வேறொரு திசையில் போகும். புதிதாக வருகிறவர்கள் யாரோ அவசரத்தில் போட்டுவிட்டுப் போனதாக நினைப்பார்கள். சிலர் உதவி செய்வதாக எண்ணி மேசையை நேராக நகர்த்தப் பார்ப்பார்கள். நகராது. கால்களைத் தரையோடு வைத்து சிமென்ட் பூசியிருந்தது. மேசைகள் வடக்கைப் பார்த்து நின்றன. கோணல் சுவருடையதுதான்.

கற்கள் அதைவிட விநோதம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் சனி, ஞாயிறுகளில் டீச்சர் டவுன்பஸ்ஸில் போய்க் கொண்டுவந்தவை. பெரும்பாலான கற்கள் தங்கள் அழகான பக்கத்தைக் கீழே மறைத்துக்கொண்டிருக்கும். மேலே தெரிவது மண் நிறமும் பழைய பாசியும்தான்.

ஒவ்வொரு கல்லின் உச்சியிலும் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் ஓர் அட்டை. அட்டையில் கல்லின் பெயர் கடைசி வரியில்தான் வரும். முதலில் ஊர். பிறகு, பக்கத்தில் என்ன இருந்தது. பிறகு மேல் எது, வடக்கு எது. பெயர் தெரியாத கல்லுக்கு டீச்சர் "தெரியவில்லை" என்று எழுதிவிடுவார். வடக்கு தெரியாவிட்டாலும் அப்படியே. 'மேல்' என்ற வரியில் மட்டும் அப்படி எழுதிய அட்டை ஒன்றுகூட அங்கே இல்லை. மேல் தெரியாத கல்லை அவர் கூடத்துக்குள் வைப்பதில்லை.

சென்னியப்பன் அங்கே முதலில் வந்தது சிரிப்பதற்காகத்தான்.

அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. டீச்சருக்கு நாற்பத்து நாலு. சென்னியப்பன் இருபத்தாறு வருடம் கல்குவாரி நடத்தியவர். வெள்ளக்கரடு என்ற குன்றை முழுவதும் ஜல்லியாக்கி முடித்துவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தார். கரடு இருந்த இடத்தில் நாலு பனை ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் நின்றது.

அவருடைய பழைய லாரி டிரைவர்தான் சேதி சொன்னார்.

"அண்ணா, கல்லை எப்படி வைக்கறதுன்னே தெரியாம ஒரு டீச்சரு கல்லுக் கண்காட்சி வெச்சிருக்குது. எல்லாத்தையும் கவுத்து வெச்சிருக்குதுங்க."

"போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வரலாம்," என்றார் சென்னியப்பன்.

வாசலில் டீச்சர் அவர் கையில் கைப்பிடி வைத்த சின்ன முகக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்.

"இது எதுக்குங்க? தலை சீவவா? அங்க ஒண்ணும் மிச்சமில்லீங்களே."

"கல்லுக்கு அடியில பிடிச்சுப் பாருங்ணா. மேசைப் பலகையில ஓட்டை விட்டிருக்குது. இல்லாட்டிப் பாயில படுத்தும் பாக்கலாம்."

"படுக்கறதா?"

"ஆமாங்ணா."

"நான் கரட்டையே சேர் போட்டு உக்காந்து பாத்தவனுங்க."

"அப்ப மேல் பக்கம் பாத்துட்டுப் போங்க. அதுவும் கல்லுதான்."

சென்னியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். முதல் வரிசையில் எல்லாம் மண்கட்டிபோல் இருந்தன. இரண்டாவது வரிசையில் ஒரு கல்லைப் பார்த்து, "இது ஜல்லிக்குக்கூட ஆகாது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒரு மேசைக்கு அடியிலிருந்து இரண்டு காக்கிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்தார். டவுன்பஸ் கண்டக்டர் ஒருவர் தோல்பையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்.

"ஏனுங்க, தூக்கமா?"

"பஸ் எடுக்க இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குதுங்க."

"அதுக்கு இங்கதான் எடம் கெடச்சுதா?"

"சித்த நகந்து தர்றேன், வந்து படுங்க. நின்னுட்டே கேள்வி கேக்காதீங்க, வெளிச்சம் மறைக்குது."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்தார்.

பலகையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன்மேல்தான் கல் உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தபோது அது காய்ந்த வறட்டிபோல இருந்தது. கீழிருந்து பார்த்தால் உள்ளே குடைவாக இருந்தது. குடைவு முழுவதும் கத்தரிப்பூ நிறத்தில் படிகங்கள். கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கிய வெயில், சுண்ணாம்பு அடித்த தரையில் பட்டு, மேலே ஏறி அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் தலையை ஒரு விரற்கடை அசைத்தார். எரிந்துகொண்டிருந்த படிகங்கள் அணைந்து, அணைந்திருந்தவை எரிந்தன. மறுபடியும் அசைத்தார். இன்னும் ஆழத்தில், அதுவரை இல்லாத ஓரிடத்தில், ஊசிமுனை அளவு ஒரு சிவப்பு வந்துபோனது.

அவர் விடும் மூச்சு அவருக்கே கேட்டது.

"எப்படி?" என்றார் கண்டக்டர்.

சென்னியப்பன் தலையை இன்னொரு முறை அசைத்தார்.

"நான் மூணு மாசமா வர்றேனுங்க. இந்த ஒரு கல்லையே இன்னும் முடிக்கல."

கண்டக்டர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். வெளியே விசில் கேட்டது, பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. சென்னியப்பன் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் படுத்து எழுந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் சுண்ணாம்பாகிவிட்டது. ஒரு கல்லின் அடியில் நிலா வெளிச்சம் போன்ற ஒரு நீலம் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது. இன்னொன்றில் காக்காப்பொன் ஏடு ஏடாக, புத்தகம் விரித்ததுபோல் நின்றது. ஒன்றின் அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் கல். அதன் அட்டையைப் படித்தார். 'பக்கத்தில் இருந்தது: ஆட்டு உரல் கொத்தியவர் விட்டுப்போன உளி.'

வெயில் சாய்ந்த பிறகு டீச்சரிடம் வந்தார்.

"அந்தக் கத்தரிப்பூக் கல்லு கெடந்த எடத்துல இப்படியேதான் கவுந்து கெடந்துச்சுங்களா?"

"ஆமாங்ணா."

"எத்தனை காலமா?"

"மனுசன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்து."

"ஒருத்தரும் பாக்காமயேவா?"

"ஒருத்தரும் பாக்காமதான்."

"திருப்பி வெச்சா எல்லாத்துக்கும் சுளுவாத் தெரியுமே, டீச்சர்?"

"கல்லு தெரியும். கெடந்தது தெரியாது."

சென்னியப்பன் சற்று நேரம் கண்ணாடியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.

"எல்லா அட்டையும் படிச்சனுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கிற கரடு எல்லாம் இருக்குது. வெள்ளக்கரடு மட்டும் இல்லீங்களே?"

"ஸ்கூலுக்குப் போற பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து தெனமும் பாப்பேன்," என்றார் டீச்சர். "உச்சியில வெங்கச்சாங்கல்லு, வெள்ளைவெளேர்னு, காலை வெயிலுக்கு அப்படி மின்னும். ஒரு நாள் எறங்கி ஏறணும்னு பதினோரு வருசம் நெனச்சேன். எறங்கறதுக்குள்ள கரடு இல்லை."

"அந்தக் குவாரி என்னுதுங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். வெளியே காகங்கள் கத்திக்கொண்டிருந்தன.

"உக்காருங்ணா," என்றார். "டீ போடறேன்."

அடுத்த சனிக்கிழமை கூடம் திறக்குமுன்பே சென்னியப்பன் வாசலில் நின்றார்.

"எனக்குக் கத்துக் குடுங்க டீச்சர்."

"என்னத்தை?"

"கல்லு எப்படி எடுக்கறதுன்னு."

"நீங்க எடுக்காத கல்லாங்ணா?"

"அது எடுத்தது இல்லீங்க."

டீச்சர் சாவியை அவர் கையில் கொடுத்து, கதவைத் திறக்கச் சொன்னார்.

முதல் நாள் ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சென்னியப்பன் ஒரு பச்சைக் கல்லைக் கண்டதும் குனிந்து எடுத்துவிட்டார்.

"எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சிருங்க," என்றார் டீச்சர்.

சென்னியப்பன் வைத்தார்.

"இப்படித்தான் இருந்துச்சா?"

அவர் யோசித்தார். இன்னொரு பக்கமாகத் திருப்பினார். மறுபடியும் யோசித்தார். "மறந்துபோச்சுங்க."

"அப்ப அது ஓடையிலயே இருக்கட்டும்."

"இப்பத்தானே எடுத்தேன். அரை நிமிசம்கூட ஆகல."

"அரை நிமிசம்தான் ஆச்சுங்ணா."

அன்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பத்தாவது வாரம் சென்னியப்பன் ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்தார். எடுக்கவில்லை. அதன்மேல் ஊர்ந்த எறும்பு எந்தப் பக்கம் இறங்கியது என்று பார்த்தார். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எந்தப் பக்கம் ஈரம், எந்த வேர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்றெல்லாம் பார்த்தார். திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்தார். உச்சியில் புள்ளி வைத்தார். பெயின்ட் காயும்வரை காத்திருந்தார். பிறகுதான் இரண்டு கையாலும் தூக்கினார். கல்லுக்கு அடியில் வெள்ளையாக, கல்லின் வடிவத்திலேயே, வெயில் படாத மண் ஓர் அச்சாக இருந்தது. அந்த அச்சைப் பார்த்துக்கொண்டே அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"ஒரு நாளைக்கு நூத்தம்பது லோடு ஏத்துவோம் டீச்சர்," என்றார். "இன்னைக்கு ஒரு கல்லு."

"அந்த ஒரு கல்லோட பஸ் ஏறுங்ணா, நேரமாச்சு," என்றார் டீச்சர்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கூடத்தில் கற்கள் நானூற்றுத் தொண்ணூறு ஆயின. பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்களுக்குச் சென்னியப்பனே பாய் விரித்துக் கொடுத்தார். கற்களை அவர் துடைப்பதில்லை. அது டீச்சரின் விதி. ஊதலாம், துடைக்கக் கூடாது. ஏன் என்று அவர் கேட்டதில்லை.

ஆனால் அட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் அவருக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நானூற்றுத் தொண்ணூறு அட்டைகள். வெள்ளக்கரடு இல்லை.

அவருடைய வீட்டில் ஒரு கல் இருந்தது. குவாரி தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு வெடிக்குப் பிறகு, பாறையில் துளை போடும் கம்ப்ரசர் ஓட்டுகிற ஆள் துண்டில் ஏந்திக்கொண்டு வந்த கல். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவு. விரல் விரலாகப் படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆங்காங்கே பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அவருடைய மனைவி நாச்சம்மாள் அதைச் சாமி அறையில் வைத்தார். சென்னியப்பன் அதற்குப் பிறகு அதை ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. கரட்டிலிருந்து ஜல்லியாகாமல் தப்பியது அது ஒன்றுதான்.

வெடியில் வந்த கல். எது மேல் என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் வைக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு வருடமாக அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தத் தை மாதம் குவாரிக் குழியை மூடும் வேலை தொடங்கியது. இடித்த வீடுகளின் மண்ணும் செங்கல்லும் லாரி லாரியாக வந்து கொட்டின. மூடி மட்டம் செய்துவிட்டால், அங்கே ஒரு கரடு இருந்தது என்பதற்கு அந்தப் பள்ளம்கூடச் சாட்சி இராது.

சென்னியப்பன் குழியின் ஓரத்தில் நின்று ஒரு காலைப் பொழுது முழுவதும் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாமி அறையிலிருந்து கல்லை எடுத்தார்.

விதி விதிதான். ஆனால் கல் கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தால், டீச்சர் ஒரே ஒரு முறை மனம் இளகலாம். அவருக்கு அப்படித்தான் தோன்றியது. படிகங்களை ஆசிட்டில் ஊறப்போட்டால் கறை போகும் என்று கூடத்துக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் பக்கெட்டில் மூன்று நாள் ஊறப்போட்டார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். இண்டு இடுக்கில் இருந்ததை ஈர்க்குச்சியால் எடுத்தார். தண்ணீர் தெளியும்வரை அலசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடம் திறக்குமுன், புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"என்னங்ணா இது?"

"வெள்ளக்கரடுங்க."

டீச்சர் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். துண்டை விலக்கினார்.

கடுங்காப்பி நிறத்தில் முப்பது நாற்பது படிகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம். கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அவற்றுக்குள் இறங்கி, அடியில் எங்கோ தங்கி, தேன் நிறத்தில் திரும்பி வந்தது. பெரிய படிகம் ஒன்றுக்குள், அது வளர்ந்துகொண்டிருந்தபோது ஒரு கட்டத்தில் நின்று பிறகு மீண்டும் வளர்ந்ததற்கான தடம், இன்னொரு சின்னப் படிகம்போல் உள்ளுக்குள்ளேயே நிழலாக நின்றது.

டீச்சர் இரண்டு கைகளிலும் அதை வாங்கிக்கொண்டார். பதினோரு வருடம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த கரடு கையில் கனத்தது. அவர் முகத்தைப் பார்த்த சென்னியப்பனுக்கு, கூடத்தில் வைத்துவிடுவார் என்று பட்டது.

"எப்பக் கழுவுனீங்க?" என்றார் டீச்சர்.

"இந்த வாரம்தானுங்க. மூணு நாள் ஆசிட்டுல கெடந்துச்சு. அழுக்கு ஒண்ணும் விடல."

டீச்சர் கல்லைத் துண்டின்மேல் வைத்தார். "வாங்ணா," என்று நான்காவது வரிசைக்கு நடந்தார்.

அங்கே ஒரு படிகக் கல் இருந்தது. சென்னியப்பன் அதை எத்தனையோ முறை கடந்திருக்கிறார். மனதுக்குள் அதற்கு அழுக்குக் கல் என்று பெயர்.

"இது ரோட்டு வேலைக்கு உடைச்ச குவியல்ல கெடந்துச்சு. எது மேல்னு உடைச்சவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"பொறவு எப்படி வெச்சீங்க? விதி இருக்குதே."

"குனிஞ்சு பாருங்க. ஒவ்வொரு படிகமா."

பார்த்தார். படிகங்கள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே பக்கத்தில் மட்டும் பழுப்பாக மெல்லிய ஏடு படிந்திருந்தது. மறுபக்கம் சுத்தம். சாரல் அடித்து ஓய்ந்த தோப்பில் எல்லாத் தென்னைகளும் ஒரே பக்கமாக நனைந்து நிற்குமே, அதுபோல.

"பாறைக்குள்ள ஒரு பொந்து," என்றார் டீச்சர். "வாசல் இல்லை, காத்து இல்லை. தண்ணி மட்டும் நின்னுச்சு. படிகம் வளந்துச்சு. வளந்து முடிஞ்ச பொறவு தண்ணியில இருந்த தூசு எறங்குச்சு. ரொம்ப மெதுவா. எத்தனை ஆயிரம் வருசமோ. உள்ள இருட்டு. சத்தமே இல்லை. தூசு எறங்கிட்டே இருந்துச்சு."

சென்னியப்பன் அந்தப் பழுப்பின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். விரல் நகத்தின் கனம்கூட இல்லை அது. மூச்சுப் பட்டால் போய்விடுமோ என்று சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"தூசு மேலிருந்துதானுங்களே எறங்கும்," என்றார் மெதுவாக.

"ஆமாங்ணா."

"அப்ப, தூசு இருக்கிற பக்கம்..."

டீச்சர் தலையசைத்தார்.

சென்னியப்பன் அப்படியே குனிந்த நிலையில் இருந்தார். பிறகு நிமிர்ந்து, வாசலருகே துண்டின்மேல் இருந்த தன் கல்லைத் திரும்பிப் பார்த்தார். அது எல்லாப் பக்கமும் மினுங்கிக்கொண்டிருந்தது.

விறுவிறுவென்று போய் அதை எடுத்தார். திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார். கண்ணாடியை வைத்துப் படிகங்களின் இடுக்குகளைப் பார்த்தார். ஈர்க்குச்சி போகாத இடம் ஒன்றுகூட இல்லை.

"இதுலயும் இருந்துச்சு டீச்சர். பழுப்பா இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

அவர் போனை எடுத்தார். இரண்டு முறை தவறாக அழுத்தினார்.

"நாச்சம்மா, அந்தச் சாமி ரூம் கல்லு இருக்குதில்ல. அதுல மண்ணு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எல்லாக் குச்சியிலயும் ஒரே பக்கமா இருந்துச்சுங்க. அது அசிங்கமாத் தெரியுதுன்னு அந்தப் பக்கத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருந்தேன். ஏனுங்க?"

"இப்பக் கொண்டாந்து காட்டினா அந்தப் பக்கம் எதுன்னு சொல்லிருவியா?"

"மண்ணு இருந்தாச் சொல்லுவேன். மண்ணுதானுங்களே எனக்கு அடையாளம். அதைத்தான் மூணு நாளா உக்காந்து தேச்சீங்களே. பொட்டு வெச்சுப் பூப்போடற பக்கத்தையாவது விட்டு வையுங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?"

"பக்கெட்டுத் தண்ணி?"

"சாக்கடையில ஊத்தினது நீங்கதான."

போனைச் சட்டைப் பையில் போட்டார். பை தவறிப் போன் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"கல்லு இருபத்தஞ்சு வருசமா என்ர ஊட்டுல உக்காந்து சொல்லிட்டே இருந்திருக்குது," என்றார்.

டீச்சர் குனிந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சென்னியப்பன் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏதோ ஒரு பக்கம் மேலா இருந்திருக்கணுமில்லீங்களா. நானே ஒரு புள்ளி வெச்சிர்றேன் டீச்சர். யாருக்குத் தெரியப் போகுது?"

டீச்சர் அலமாரியைத் திறந்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்தார். மூடியை நெம்பித் திறந்து, இருப்பதிலேயே சின்னப் பிரஷ்ஷைத் தோய்த்து அவரிடம் நீட்டினார்.

"வையுங்ணா."

சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறக்கப் போய்விட்டார். கொட்டகையில் பதினான்கு ஜன்னல்கள். பழைய கொண்டிகள். ஒவ்வொன்றையும் தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டும்.

சென்னியப்பன் கல்லை ஒரு பக்கமாக வைத்தார். பிரஷ்ஷை ஒரு படிகத்தின் முனைக்குக் கொண்டுபோனார். நிறுத்தினார். கல்லைச் சாய்த்தார். வேறொரு முனைக்குக் கொண்டுபோனார். இந்தக் கை வெடிக்குத் திரி வைத்த கை. அப்போதெல்லாம் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. இப்போது கடுகளவு புள்ளி. முனையிலிருந்து ஒரு நூல் இடைவெளியில் பிரஷ் நின்றது. பிறகு பின்வாங்கியது.

பதினான்காவது ஜன்னல் திறந்தபோது பிரஷ்ஷில் பெயின்ட் காய்ந்து ஊசிபோல் விறைத்திருந்தது.

"முடியலீங்க டீச்சர்."

"சரிங்ணா."

டீச்சர் பிரஷ்ஷை வாங்கி டர்பன்டைனில் போட்டார். சென்னியப்பன் கல்லைத் துண்டில் சுற்றத் தொடங்கினார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"குழியில போட்டுர்றேனுங்க. இன்னும் மூடி முடிக்கல. அதோட எடத்துலயாவது இருக்கட்டும்."

டீச்சர் உள்ளே போனார். அட்டை எழுதும்போது தாம் உட்காருகிற வட்டமான ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தார். வடக்கைப் பார்த்து நிற்க அந்த ஸ்டூலுக்கு மூலையும் இல்லை, முகமும் இல்லை.

"இதுல வையுங்க."

சென்னியப்பன் அசையவில்லை. "மேல் தெரியாத கல்லை இங்க வைக்கறதில்லீங்களே."

"வைக்கறதில்லை."

"பொறவு?"

டீச்சர் ஓர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். "எடுத்தவங்கதான் எழுதணும்."

அவர் மேசையோரத்தில் அட்டையை வைத்து எழுதினார். கட்டைக் கையெழுத்து. ஊர் என்ற இடத்தில் 'வெள்ளக்கரடு' என்று எழுதினார். பக்கத்தில் இருந்தது என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, 'கரடு' என்று எழுதினார். வடக்கு: தெரியவில்லை. 'மேல்' என்ற வரியில் பேனா நின்றது.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்து எழுதினார். பிறகு அட்டையைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார்.

'மேல்: கழுவிவிட்டேன்.'

டீச்சர் அதை ஒருமுறை படித்தார். திருத்தவில்லை. அட்டையில் ஒரு நூலைக் கோத்து ஸ்டூலின் காலில் கட்டினார்.

"இப்ப வையுங்ணா."

"எந்தப் பக்கமுங்க?"

"இன்னைக்கு உங்களுக்கு எந்தப் பக்கம் படுதோ அந்தப் பக்கம். அடுத்த வாரம் வந்து வேற பக்கம் திருப்பி வையுங்க. அதுக்கடுத்த வாரம் வேற பக்கம்."

சென்னியப்பன் துண்டை விலக்கினார். கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூலின்மேல் இறக்கினார். எந்தச் சத்தமும் வராமல் இறக்கினார். திறந்த ஜன்னல் வழியே வந்த வெயில் ஒரு படிகத்துக்குள் நுழைந்தது. உள்ளே நிழலாக நின்ற சின்னப் படிகம் தேன் நிறமாக எழுந்தது.

வெளியே பஸ் வந்து நின்றது. யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளைக்குத் திருப்பணும் டீச்சர்?"

டீச்சர் வாசலுக்குப் போய்க்கொண்டே சொன்னார்.

"கரட்டுக்குள்ள அது எத்தனை நாள் ஒரே பக்கமா இருந்துச்சோ, அத்தனை நாளைக்குங்ணா."